ஏதென்ஸ், கதவு எண் 5180



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு தனிமனிதருடைய இணையதளத்தைப் பற்றி. அரசாங்கம் நடத்திய தளம் இல்லை அது. சம்பளம் வாங்கிக்கொண்டு யாரும் நடத்தியதும் இல்லை. ஆய்வகத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, தூங்கப் போவதற்கு முன்னால் கிடைத்த நேரத்தில், ஆசைக்காக ஒருவர் கட்டிய தளம். அது எப்படிப் பிறந்தது? எங்கெங்கே குடி மாறியது? எத்தனை முறை உரு மாறியது? இன்று நீங்கள் கைப்பேசியை எடுத்து ஒரு குறளின் முதற்சீரை அடித்தால் அடுத்த நொடியே முழுக்குறளும் வந்து நிற்கிறதே, அதற்கும் இந்தத் தளத்துக்கும் என்ன உறவு? இவைதாம் என் பேச்சு.

முதலில், ஆசைக்காகத் தொடங்கியவை எல்லாம் சின்ன விஷயங்களா என்று பார்ப்போம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் கால் நீடம் என்று ஒரு பொறியாளர். சினிமாப் பைத்தியம். தான் பார்த்த படங்களின் விவரங்களை எல்லாம் சிறு வயதிலிருந்தே கணினியில் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தவர். 1990இல், அந்த மாதிரிப் பட்டியல்களில் தேடுவதற்கு ஒரு சின்ன நிரலை எழுதி வெளியிட்டார். அதுதான் இன்று உலகமே திரைப்படத் தகவலுக்குப் போய்ப் பார்க்கும் ஐஎம்டிபி. 1998இல் அமேசான் அதை விலைக்கு வாங்கியது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு கிரிக்இன்ஃபோ தெரியும். 1993இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேயர் தொடங்கியது. அயல்நாட்டில் ஸ்கோர் தெரியாமல் தவித்த மாணவர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். அந்த இளைஞர்களில் ஒருவர் நம் பத்ரி சேஷாத்ரி. பின்னாளில் சென்னையில் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கியவர். கிரிக்இன்ஃபோவும் கை மாறிக் கை மாறி இன்று ஒரு பெரிய நிறுவனத்தின் சொத்தாக இருக்கிறது.

இவை ஒரு வழி. ஆசையில் பிறந்து, வளர்ந்து, கம்பெனியாகி, விலைக்குப் போகும் வழி. அதில் தவறு ஒன்றும் இல்லை. இன்னொரு வழியும் உண்டு: ஆசையில் பிறந்து, ஆள் அலுத்துப்போய், கேட்பாரற்றுக் கிடந்து, ஒரு நாள் அழிந்துபோகும் வழி. பெரும்பாலான தளங்கள் போன வழி அது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டா? விலைக்கும் போகாமல், அழிந்தும் போகாமல், ஒருவருடைய ஆசை ஊருக்கே பொதுவாகும் வழி உண்டா? உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சுவிட்சர்லாந்தில் லெமான் ஏரி என்று ஓர் ஏரி இருக்கிறது. ஜெனீவா ஏரி என்றும் சொல்வார்கள். அதன் ஒரு முனையில் ஜெனீவா. ஜெனீவாவை ஒட்டித்தான் செர்ன் என்ற அணு ஆய்வு மையம். வையவிரிவு வலை, நாம் வெப் என்கிறோமே, அது பிறந்த இடம் அதுதான். அதைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீ தன் மேசையில் இருந்த நெக்ஸ்ட் கணினியையே உலகத்தின் முதல் வலைச் சேவையகமாக ஓடவிட்டார். அந்தக் கணினிப் பெட்டியில் கையால் எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். இது சேவையகம், யாரும் இதை அணைத்துவிடாதீர்கள் என்ற பொருளில். அந்தச் சீட்டோடு அந்தப் பெட்டியின் படம் இன்றும் கிடைக்கிறது, பாருங்கள். உலகத்தின் முதல் இணையதளத்துக்கே, அணைக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது!

அணைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த முதல் பக்கம் அப்படியே இருந்ததா? இல்லை. மேலே மேலே திருத்தி எழுதிக்கொண்டே போனார்கள். 1991இல் உலகம் பார்த்த அந்தப் பக்கத்தை அங்கே யாரும் தனியே எடுத்து வைக்கவில்லை. 2013இல் செர்ன் அந்தப் பழைய முகவரிக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது, அவர்கள் கையில் இருந்தது 1992ஆம் ஆண்டுப் பிரதிதான். வலையைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டிலேயே இந்த நிலை என்றால் நம் வீட்டு நிலையைக் கேட்கவேண்டுமா?

அதே ஏரிக்கரையில், ஜெனீவாவிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் லோசான் நகரம். அங்கே கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு தமிழர் வேதியியல் ஆய்வாளராக இருந்தார். முனைவர் கு. கல்யாணசுந்தரம். ஒளி பட்டால் மூலக்கூறுகள் என்ன செய்யும், சூரிய ஒளியை எப்படி மின்சாரமாக்கலாம் என்பது அவர் துறை. சாயம் ஏற்றிய சூரிய மின்கலத்துக்குப் பெயர்பெற்ற மைக்கேல் கிரெட்சலோடு சேர்ந்து வேலை செய்தவர். துறைக்குள்ளே அவருடைய நூல்களும் கட்டுரைகளும் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். அது அவர் பிழைப்பு. அவர் ஆசை வேறு. கணினியில் தமிழ் எழுதவேண்டும், தமிழ் படிக்கவேண்டும். அந்த ஆசையில் மயிலை என்று ஓர் எழுத்துருவை அவரே வடிவமைத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்று கொடுத்தார்.

கொடுக்கிறேன் என்றால் எங்கே வைத்துக் கொடுப்பது? ஓர் இடம் வேண்டும் அல்லவா? அப்போதுதான் ஜியோசிட்டீஸ் வருகிறது.

இங்கே இருக்கிற இளைஞர்களுக்கு ஜியோசிட்டீஸ் தெரிந்திருக்காது. 1994இல் அமெரிக்காவில் டேவிட் பானெட் என்பவர் தொடங்கியது. யார் கேட்டாலும் இணையத்தில் ஒரு சின்ன மனை, இலவசமாக. அந்த மனைகளை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்திருந்தார்கள். சினிமா பிடித்தவர்கள் ஹாலிவுட்டில் குடியேறலாம். கணினிக்காரர்கள் சிலிக்கான் வேலியில். கல்வி, இலக்கியம், தத்துவம் என்றால் ஏதென்ஸ். ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு எண். உள்ளே போனால் கண்ணைப் பறிக்கிற வண்ணப் பின்னணி, எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் பொறி, 'வேலை நடக்கிறது' என்று மண்வெட்டியோடு ஒரு பொம்மை. அழகு என்று சொல்லமுடியாது. ஆனால் ஒவ்வொன்றும் ஓர் ஆள் தன் கையால் கட்டியது. அந்தக் கையைப் பார்த்தவுடனே அடையாளம் தெரியும்.

ஏதென்ஸ் வட்டாரத்தில் 5180ஆம் எண் வீட்டைத்தான் நம் வேதியியலாளர் எடுத்துக்கொண்டார். பெயர், தமிழ் மின்னூலகம். எழுத்துருக்கள் ஒரு பக்கம். தமிழ் இலக்கியத்தைப் பற்றிய அறிமுகங்கள் ஒரு பக்கம். வேறு எங்கெங்கே தமிழ்த் தளங்கள் இருக்கின்றன என்ற சுட்டிகள் ஒரு பக்கம். ஒரு தனிமனிதருடைய அலமாரி, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நம் ஊரில் நிலைமை என்ன? 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. பிரவுசிங் சென்டர்கள் வந்து, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தது அதற்கும் பிறகு. ஆகவே இணையத்தில் தமிழை முதலில் ஏற்றியவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூரில், மலேசியாவில், அமெரிக்காவில், கனடாவில், ஐரோப்பாவில் இருந்தவர்கள். வீட்டை விட்டுத் தள்ளி இருந்தவர்களுக்குத்தான் அந்தத் தாகம் முதலில் எடுத்திருக்கிறது.

சரி, இடம் கிடைத்துவிட்டது. தமிழ் தெரிந்ததா? அங்கேதான் பெரிய இடைஞ்சல்! அன்றைக்கு ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனி நாடு. ஒரு ஃபான்ட்டில் 'அ' இருக்கும் இடத்தில் இன்னொரு ஃபான்ட்டில் 'ழ' இருக்கும். ஈழத் தமிழர்கள் மிகுதியாகப் பயன்படுத்திய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்று அடித்து ஒரு நண்பருக்கு அனுப்புகிறீர்கள். அவர் கணினியில் பாமினி இல்லை. அவர் திரையில் என்ன நிற்கும் தெரியுமா? ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும். 'தமிழ்' என்ற சொல்லின் கதி அது! ஒரு நூல் முழுவதையும் இப்படி அடித்து வைத்திருந்தால்? கணினியைப் பொறுத்தவரை அது தமிழ் நூலே இல்லை. பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தேடினால் கிடைக்காது. அகரவரிசைப்படுத்த முடியாது. ஒவ்வொரு தளத்திலும் வாசலிலேயே ஓர் அறிவிப்பு நிற்கும்: முதலில் எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு உள்ளே வாருங்கள் என்று. பத்துத் தளம் படிக்கவேண்டுமானால் பத்து எழுத்துரு.

இதற்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்று பல நாட்டுத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே கூடிப் பேசினார்கள். வாதாடினார்கள். கோபித்துக்கொண்டார்கள். மறுபடி பேசினார்கள். அதில் கல்யாணசுந்தரமும் இருந்தார், முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறனும் இருந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் திஸ்கி என்ற குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த இடம் என்ற ஏற்பாடு. இருநூற்றைம்பத்தாறு இடங்களில் முதல் பாதியை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டு, இரண்டாம் பாதியில் தமிழை அடுக்கினார்கள். ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கலாம். எந்த அரசாணையும் போட்டு வந்ததில்லை இது. தமிழக அரசு 1999இல் தாம், தாப் என்று வேறு இரண்டு குறியேற்றங்களை அறிவித்தது. ஆர்வலர்கள் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம் என்று சில ஆண்டுகள் ஓடின. அந்தப் பழைய வழக்குக்குள் நான் இப்போது போகவில்லை.

இனிதான் முக்கியமான திருப்பம். 1998, பொங்கல் நாள். ஒருவருடைய அலமாரி பலருடைய வேலையாக மாறிய நாள்.

அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் 1971 ஜூலை 4ஆம் தேதி அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தட்டி ஏற்றினார். நூல்களைக் கணினியில் ஏற்றி இலவசமாகக் கொடுக்கும் குடன்பெர்க் திட்டம் அப்படித் தொடங்கியது. அதே மாதிரி தமிழுக்கும் ஒன்று வேண்டும் என்று கல்யாணசுந்தரம் தொடங்கியதுதான் மதுரைத் திட்டம். அமெரிக்காவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணைநின்றார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்வது, மெய்ப்புப் பார்ப்பது, இலவசமாகக் கொடுப்பது. வரிசையில் முதல் எண் எதற்கு? நீங்கள் நினைப்பது சரிதான். திருக்குறளுக்கு.

வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஒருவர் தன் வீட்டிலிருக்கும் அச்சு நூலை எடுத்து மேசையில் விரித்துவைத்துத் தட்டச்சு செய்வார். இன்னொரு நாட்டில் இருக்கும் இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒரு பைசா கூலி கிடையாது. முடிந்த கோப்பின் தலைப்பில் யார் உள்ளீடு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்று பெயரோடு குறிப்பிடுவார்கள். அதன்கீழ் ஓர் அனுமதி: இந்தத் தலைப்புக் குறிப்பை எடுத்துவிடாமல், இந்தக் கோப்பை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அந்த அனுமதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நானும் பல தளங்களைப் பார்த்திருக்கிறேன். 'காப்பியடிக்காதே' என்று வாசலிலேயே எழுதி, வலது சொடுக்கைப் பூட்டி, பாரதியார் பாட்டுக்குக்கூடப் பூட்டுப் போட்டு வைத்த தளங்கள். பூட்டினவர் போனார், பூட்டும் போயிற்று, உள்ளே இருந்ததும் போயிற்று. எடுத்துக்கொண்டு போ என்று சொன்ன தளம் நின்றது. எப்படி நின்றது? எடுத்துக்கொண்டு போன ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிரதி நின்றது.

நண்பர்களே, கதை இங்கே முடியவில்லை. நூல்கள் சேரச் சேர, அடுத்த சோதனை வந்தது. ஒருங்குறி. உலகத்து மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் கொடுத்த குறியேற்றம். தமிழுக்கு அதில் 1991இலேயே இடம் ஒதுக்கியாயிற்று. ஆனால் வீட்டுக் கணினிகள் அதைக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000க்குப் பிறகு. ஆகவே, மயிலையிலும் இணைமதி என்ற இன்னோர் எழுத்துருவிலும் திஸ்கியிலும் இருந்த நூல்களை எல்லாம் ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். பொத்தானை அழுத்தினால் மாறிவிடுமா?

'கொ' என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். திஸ்கியில் அது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து க, அடுத்து கால். மூன்று துண்டு. ஒருங்குறியில் வாய் சொல்கிற வரிசை. முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. இரண்டே துண்டு. ஆக, மாற்றுகிற நிரல் முன்னால் நிற்கும் கொம்பைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோகவேண்டும், காலோடு சேர்க்கவேண்டும், சேர்த்து ஒன்றாக்கவேண்டும். அதுவாவது நிரல் செய்துவிடும். 'கௌரவம்' என்று தட்டச்சு செய்யும்போது, ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒருவர் கொம்பும் ககரமும் போட்டு அருகில் ளகரத்தை அடித்திருந்தால்? கண்ணுக்கு இரண்டும் ஒன்றேபோல் தெரியும். மெய்ப்புப் பார்ப்பவர் தாண்டிப் போய்விடுவார். கணினி தாண்டாது. அதற்கு அது 'கெள' என்ற வேறு இரண்டு எழுத்து. நீங்கள் 'கௌரவம்' என்று தேடினால் அந்த நூல் வராது. தமிழ் மின்னுரைகளில் இந்தப் பிழை இன்றும் ஏராளம். அதைத் தேடித் தேடித் திருத்துவதற்கு, தமிழ் தெரிந்த, பொறுமை உள்ள ஒரு மனிதக் கண் வேண்டும்.

ஓலைச்சுவடிக் காலத்தில் நம் முன்னோர் செய்ததும் இதே வேலைதான். ஓலை பழுதாகுமுன் புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். எழுதாமல் விட்ட நூல் செல்லுக்கு இரையானது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது என்றால், அவருக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகப் பெயர் தெரியாத யாரோ சலிக்காமல் பெயர்த்து எழுதிக்கொண்டு வந்ததால்தானே? ஓலைக்கு நூற்றாண்டுக் கணக்கு. குறியேற்றத்துக்குப் பத்தாண்டுகூட இல்லை!

குறியேற்றம் மாறியது. வீடு என்ன ஆயிற்று?

1999இல் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸை முந்நூறு கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. வட்டாரம், கதவு எண் எல்லாம் வழக்கொழிந்தன. மக்கள் வேறு இடங்களுக்குப் போனார்கள். 2009 அக்டோபர் 26ஆம் தேதி மொத்த ஊரையும் மூடிவிட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் கையால் கட்டிய பக்கங்கள். பிறந்த ஊரைப் பற்றி எழுதியவர்கள், இறந்துபோன பிள்ளைக்கு நினைவுப் பக்கம் வைத்தவர்கள், அஞ்சல்தலை சேர்த்தவர்கள், ஒரே ஒரு பறவையைப் பற்றி மட்டும் எழுதி வைத்தவர்கள். வாங்கியவர்களுக்கு அது ஒரு கணக்கு வரி. லாபமில்லை என்று அடித்துவிட்டார்கள். எனக்கு அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை. ஜேசன் ஸ்காட் என்பவரும் அவருடைய ஆர்க்கைவ் டீம் தோழர்களும் இரவு பகலாக உட்கார்ந்து முடிந்த மட்டும் படியெடுத்தார்கள். மறு ஆண்டு அதை யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அவர்களும் ஆர்வலர்கள்தாம். சம்பளம் கொடுத்து யாரும் அவர்களை அனுப்பவில்லை.

ஏதென்ஸ் 5180ம் அந்த ஊரோடு போயிற்று. ஆனால் மதுரைத் திட்டத்தின் நூல்கள் போகவில்லை! ஏன்? அதற்குள் அவை சொந்தப் பெயரில் சொந்த முகவரிக்குக் குடி மாறியிருந்தன. வேறு தளங்கள் படியெடுத்து வைத்திருந்தன. அகராதி செய்கிறவர்கள், எழுத்துப்பிழை திருத்தி செய்கிறவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் என்று எத்தனையோ பேர் கணினிக்குள் அவை போயிருந்தன. இன்று நூற்றுக்கணக்கான நூல்கள். சங்க இலக்கியம், திருமுறை, திவ்வியப் பிரபந்தம், கம்பன், பாரதி, கல்கியின் பொன்னியின் செல்வன் வரைக்கும். இப்போது வேலை முறையும் மாறிவிட்டது. வருடிய பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க கூகுளின் கருவி வந்துவிட்டது. தட்டச்சுப் பாரம் குறைந்தது. மெய்ப்புப் பார்க்கும் பாரம் குறைந்ததா? இல்லை. இயந்திரம் 'ன'வையும் 'ள'வையும் குழப்பும் இடத்தில் இன்னும் ஒரு மனிதர்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் இன்னும் கோப்பின் தலைப்பில் வருகிறது.

இப்போது உங்களைக் கேட்கிறேன். நாம் இன்று எங்கே எழுதுகிறோம்? முகநூலில். வாட்ஸ்அப் குழுவில். அருமையாக எழுதுகிறவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் கல்வெட்டைப் பற்றி, ஏரிப் பாசன முறையைப் பற்றி, நின்றுபோன நாடகக் குழுக்களைப் பற்றி எழுதியதை நானே படித்திருக்கிறேன். போன வருடம் எழுதியதை இன்று எடுத்துக் காட்டுங்கள் பார்க்கலாம். எடுக்க முடிகிறதா? இலவச மனையில் கட்டியிருக்கிறோம். பட்டா நம் பெயரில் இல்லை. மூடுகிற நாள் நமக்குச் சொல்லிவிட்டு வரும் என்று என்ன நிச்சயம்?

எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதுங்கள். எழுதியதை ஒருங்குறியில், அலங்காரம் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பாகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். யார் எழுதினார், எந்த ஆண்டு, எந்த நூலைப் பார்த்து என்று தலைப்பில் போடுங்கள். பிறர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். உங்கள் தளத்தின் கடவுச்சொல் உங்களைத் தவிர வீட்டில் இன்னொருவருக்காவது தெரியட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த நூலகத்தின் மாடி அறையில் நம் வட்டாரத்து ஆசிரியர்கள் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் அச்சிட்ட சிறு நூல்கள் இருக்கின்றன. தலபுராணம், கும்மிப் பாட்டு, பள்ளி நூற்றாண்டு மலர். பல நூல்களின் தாள் பழுத்து, மடித்தால் ஒடிகிற நிலை. உரிமைச் சிக்கல் இல்லாதவற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று நூலகர் சம்மதித்திருக்கிறார். தட்டச்சு செய்ய முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் பெயர் கொடுங்கள். ஆளுக்குப் பத்துப் பக்கம் போதும். மெய்ப்புப் பார்க்க நான் வருகிறேன்.